வெற்றிலைத் தட்டைத் தாண்டிப் போனவள்

மூன்றாம் நாளும் மிளகு பறிக்க யாரும் வரவில்லை.

சின்னமுத்து விடிந்ததும் சாக்கு, கூடை, மூங்கில் ஏணி எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். மாசி மாதத்துப் பனி வாழைத் தோப்பை மூடியிருந்தது. பனிக்குள் யாரோ இருமிக்கொண்டு வந்தார்கள். அந்த இருமல் இவன் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

மலைமேல் எடப்புளி நாட்டில் அந்த ஊர் முப்பத்திரண்டு வீடு. மிளகு பழுத்தால் எல்லா வீட்டு ஆட்களும் எட்டெட்டுப் பேராக முறைவைத்துப் பறிப்பார்கள். ஒருவர் தோட்டம் முடிந்தால் அடுத்தவர் தோட்டம். கூலி கிடையாது, மத்தியானச் சோறு மட்டும். சின்னமுத்து இந்தத் தடவை பதினோரு தோட்டத்தில் பறித்துக் கொடுத்திருந்தான். அவன் முறை வந்தபோது ஊர் கையைக் கட்டிக்கொண்டது. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய கொடிகளில் சரம் சரமாக மிளகு சிவந்து, குருவி கொத்தியது போக மீதி தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்பது மரம். ஒற்றை ஆள் பறித்தால் ஒரு மாதம் ஆகும்.

"நின்னு பாத்துக்கிட்டே இருந்தா வந்துருவாங்களா? உள்ள வா சாமி, காப்பி ஆறுது" என்று அவன் அம்மா பாப்பாத்தி கூப்பிட்டாள்.

அடுப்படியில் பாப்பாத்தி சாமைச் சோற்றை மிளகு நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு இத்தனை கிராம் சோறு, இத்தனை வாழைப்பழம், இத்தனை முட்டை என்று அவள் சைக்கிள் ஓட்டுகிற அணியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. அதைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

"எரநூத்தியம்பது கிராமாமா. கோழிகூட இதவிட நல்லாத் திங்கும்" என்று ஒரு கரண்டி கூடப் போட்டாள். பிறகு பயந்துகொண்டு பாதியை எடுத்தாள்.

மருமகள் நாகலட்சுமி அப்போதுதான் பயிற்சி முடித்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் குளிரில் ஆவி பறக்க நின்றாள். பெரக்கரை நாட்டுப் பெண். பன்னிரண்டு வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து, கீழ்நாட்டு விளையாட்டு விடுதியில் சேர்ந்து, அங்கே ஒருவர் சைக்கிளில் ஏற்றிவிட, அப்படியே தொழிலாகிப் போனது. இப்போது இருபத்தெட்டு வயது. ஒரு கம்பெனி அணிக்காக ஓட்டுகிறாள். வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இருக்க மாட்டாள். கொரியாவிலிருந்து ஒரு தடவையும் பெல்ஜியத்திலிருந்து ஒரு தடவையும் பாப்பாத்திக்கு ஸ்வெட்டர் வந்திருக்கிறது.

அவள் ஓட்டுவது கூட்டத்தோடு போகிற பந்தயம் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாகக் கிளப்பிவிடுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக் காற்றுக்குத் தப்ப முடியாது. குனிந்து, முழங்கையை ஒடுக்கி, கடிகாரத்தோடு ஓட்ட வேண்டும். அதுவும் சமதரையில்தான் அவள் சூரி, மேட்டில் சுமார். மலையில் பிறந்துவிட்டு மேடேறத் தெரியாதவள் என்று அணியில் கேலி உண்டு.

"யாரும் வரலீங்களா மாமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"வரல."

நாகலட்சுமி கையுறையைக் கழற்றிக்கொண்டே மரங்களைப் பார்த்தாள். "நாளையிலிருந்து நானும் ஏணி ஏறறனுங்க. என்னாலதான வந்துச்சு."

பாப்பாத்தி தராசை வைத்தாள். "ஏணி ஏறுனா காலு என்னத்துக்காவும்? பந்தயத்துக்குப் பன்னண்டு நாளுதான் கெடக்குதுன்ன?"

"இந்த வருசம் போகலீன்னு சொல்லிடறேன் அத்தை."

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். பங்குனியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. போன வருஷம் தேசியப் போட்டியில் நாலாவதாக வந்தாள். இந்த வருஷம் முதல் மூன்றுக்குள் வந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். இல்லாவிட்டால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சின்னமுத்து காப்பியைக் குடித்து முடித்தான். "நாளைக்கு ஊர்க்கூட்டம் கூப்பிட்டிருக்காங்க. பேசிப் பாக்கறேன்" என்றான்.

அம்மாவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே தொண்டையைச் செருமிக்கொள்கிற ஆள் அவன்.

*

மறுநாள் காலை கோயில் முன்னால் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேப்பங்குச்சியை மென்றார். பூபதி நடுவில் நின்றான். வாழைத்தார் ஏற்றிக் கீழே காரவள்ளிக்குப் போய்வருகிற பிக்கப் வண்டி அவனுடையது. சின்னமுத்துவோடு ஒன்றாகப் படித்தவன், மச்சான் முறை.

"சொல்லு பூபதி. சுருக்கமாச் சொல்லு."

"சுருக்கமா எப்படிச் சொல்றதுங்க மாமா? மகளுக்குக் காது குத்தறேன். மூணு ஊடு அழைச்சுட்டு நாலாவதா இவங்க ஊட்டுக்குத்தான் வண்டியில போறேன். எதுக்கால இந்தப் புள்ள சைக்கிள்ல வருது. சரி, பாத்த எடத்துலயே குடுத்துருவோம்னு எறங்கித் தட்ட நீட்டுனேன். 'தங்கச்சி, மக காதுகுத்து, வந்துரணும்'னு சொல்லி வாய மூடல. சர்ருன்னு போயிருச்சு. அந்தக் காத்துல வெத்தல அத்தனையும் ரோட்டுல உழுந்துச்சுங்க."

யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனேன். வெத்தலபாக்க நீட்டுன கையத் தாண்டி இந்த மலையில யாராச்சும் போயிருக்காங்களா? சண்டக்காரன்கூட வாங்கி வெச்சுட்டுத்தான் சண்டை போடுவான்."

பூபதியின் அம்மா ராமாயி எழுந்தாள். "நானுந்தான் தெனமும் கேக்கறேன், எங்க கண்ணு கெளம்பிட்டன்னு. ஒரு 'உம்' கெடயாது. பெரக்கரைக்காரிக்கு அப்படியென்ன தலக்கனம்?"

"நீ கேக்கறதுக்கு நின்னு பதில் சொன்னா அன்னைக்குப் பொழுது அங்கயே சாஞ்சிரும்" என்றாள் பாப்பாத்தி. "போன வாரம் உப்பு வாங்கப் போன என்னை நிறுத்துனயே, மத்தியானம் வரைக்கும் உட்டயா?"

"நீதான் பேசுன!"

"நீ கேட்ட, நான் பேசுனேன்!"

ஊர்க்கவுண்டர் குச்சியைத் துப்பினார். "ரெண்டு பேரும் ஒக்காருங்க. புள்ள, நீ என்ன சொல்ற?"

நாகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "பாக்கலீங்க. குனிஞ்சு ஓட்டறப்ப முன் சக்கரமும் மூணடி ரோடுந்தான் தெரியும். அண்ணன் நின்னதே இவங்க சொல்லித்தான் தெரியும்."

"கண்ணுதான் தெரியல. காதுமா கேக்கல?" என்றான் பூபதி.

ராமாயி தினமும் கேட்டது நாகலட்சுமியின் காதில் விழுந்திருக்கிறது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் அவளைப் பார்த்தது, பிறகு அவள் புருஷனைப் பார்த்தது. சின்னமுத்து எழுந்தான். வேட்டியைச் சரிசெய்தான். தொண்டையைச் செருமினான். மறுபடியும் செருமினான்.

"சொல்லுடா" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சுமையோட போறவங்கள நாம கேக்கறதில்லீங்களே பெரியப்பா."

அந்த மலையில் வழியில் எதிர்ப்படுகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் தாண்டக் கூடாது, கேட்டவருக்குப் பதில் சொல்லாமலும் போகக் கூடாது. ஆனால் தலையில் மூட்டையோடு மேடேறி வருகிறவரை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் நின்றால் மூச்சு உடைந்துவிடும். பேசினாலும் உடைந்துவிடும். வெறுங்கையோடு வருகிறவர் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றுகொள்வார். மாப்பிள்ளையாகவே இருந்தாலும் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

பூபதி கைகளை விரித்தான். "சுமையா? மச்சான், ஏருல மாட்டக் கட்டி ஓட்டறவனுக்காச்சும் கயிறு கையில இருக்கும். சைக்கிள் மேல சொகமாக் குந்திக்கிட்டுப் போறவளுக்கு என்ன சுமை? எங்க, காட்டு!"

இந்தத் தடவை எல்லோருமே சிரித்தார்கள்.

"நீங்களே ஏறிப் பாருங்க மச்சான்" என்றான் சின்னமுத்து. சொல்லிவிட்டு, தான்தான் சொன்னோமா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தான்.

*

மழை நாளில் வீட்டுக்குள்ளேயே ஓட்ட நாகலட்சுமி ஒரு இரும்புத் தாங்கி வைத்திருந்தாள். சைக்கிளின் பின்பக்கத்தை அதில் மாட்டிவிட்டால் மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே ஓடும். எவ்வளவு பளு வேண்டுமோ அவ்வளவை அதில் வைத்துக்கொள்ளலாம். சின்னமுத்து அதைத் தோளில் தூக்கிவந்து கோயில் வாசலில் இறக்கினான். சீரியல் விளக்குப் போடும் பிளக்கில் வயரைச் செருகினார்கள். பூபதி வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினான். சைக்கிள் ஒரு முறை முனகியது.

நாகலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, பாதி வைக்கட்டுங்களா? மொதத்தடவ ஏறறீங்க."

"பாதியா? தோளுக்கொரு தாரு தூக்கிட்டு வண்டி ஏத்தறவன் நானு. நீ பந்தயத்துல ஓட்டறத வை. ஒரு புடி கொறச்சாக்கூட ஒத்துக்க மாட்டேன்."

"எவ்வளவு நேரம் ஓட்டுவ புள்ள நீ?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"பந்தயத்துல முக்கா மணி நேரமுங்க."

"சரி, இவன் கால் மணி ஓட்டட்டும்."

பூபதி குனிந்து, முழங்கைகளை முன்னால் இருந்த மெத்தையில் வைத்து, மிதித்தான். முதல் நிமிஷம் நன்றாகவே போனது. "இதுக்கா இத்தனை பேச்சு? பாரும்மா, காரவள்ளி போயிட்டு வாரேன். ஏதாச்சும் வாங்கியாறட்டுமா?" என்றான். ராமாயி, "ரெண்டு கிலோ சர்க்கரை, நெத்திலிக் கருவாடு" என்றாள். பூபதி, "கருவாடு பழசா இருக்கும், மத்தி மீனா வாங்கியாறேன்" என்றான். கூட்டம் கை தட்டியது. நாகலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டாம் நிமிஷத்தில் அவன் வாக்கியங்கள் குட்டையாயின. மூன்றாம் நிமிஷத்தில் காதுகள் சிவந்து, மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து, சொட்டத் தொடங்கியது. மெதுவாக மிதிக்கலாம் என்று பார்த்தான். மெதுவாக மிதித்தால் பளு இன்னும் இறுகியது. அந்தக் கருவி அப்படி. கணக்கில் குறைவு வைக்க விடாது.

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து சைக்கிளுக்கு முன்னால் நின்றார். "எங்க பூபதி கெளம்பிட்ட?"

பதில் இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். மக காதுகுத்துக்குத் தாய்மாமன் வாரானா?"

பூபதியின் வாய் திறந்தது. காற்று உள்ளே போனது. வார்த்தை எதுவும் வெளியே வரவில்லை.

ராமாயிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து மகன் முகத்தைப் பார்த்தாள். "சாமி, என்னடா செய்யுது? தண்ணி வேணுமா? சொல்லுடா! பெத்தவ கேக்கறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான் பாருங்க!"

"தலக்கனம்" என்றாள் பாப்பாத்தி.

கோயில் வாசல் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஊர்க்கவுண்டர் சாமி முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து சைக்கிளுக்குப் பக்கவாட்டில் நீட்டினார். பூபதியின் கண் தரையைப் பார்த்திருந்தது. வியர்வை இமையில் வழிந்தது. தட்டு அவன் தோளை உரசும் தூரத்தில் இருந்தது. ஊர்க்கவுண்டர் இருபது எண்ணும் வரை நீட்டியபடி நின்றார். பூபதி திரும்பவே இல்லை.

நாலரை நிமிஷத்தில் அவன் காலை நிறுத்தினான். சின்னமுத்துவும் இன்னொருவருமாகத் தூக்கி இறக்கிக் கீழே உட்காரவைத்தார்கள். மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"வெத்தலபாக்கு நீட்டுனனே, பாத்தயா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"எப்போ?" என்றான் பூபதி.

அவ்வளவுதான் விசாரணை. ஊர்க்கவுண்டர் கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டார். "சுமைதான். கண்ணுக்குத் தெரியாத சுமையா இருக்குது, ஆனாச் சுமைதான். இனிமே இந்தப் புள்ள குனிஞ்சு வந்தா ஒருத்தரும் பேச்சுக் குடுக்கக் கூடாது, எறங்கி நின்னுக்கோணும். நிமிந்து ஒக்காந்து வந்தா, கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் போவோணும். சரியா புள்ள?"

"சரிங்க."

"நாளையிலிருந்து முறை ஆளுக முத்து தோட்டத்துக்கு."

பூபதி தரையில் உட்கார்ந்தபடியே தட்டை வாங்கி, சட்டைப்பையிலிருந்த காதுகுத்துப் பத்திரிகையை அதில் வைத்து நாகலட்சுமியிடம் நீட்டினான். அவள் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பத்திரிகையைப் பிரித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன கண்ணு?" என்றாள் பாப்பாத்தி.

"அன்னைக்குத்தானுங்க அத்தை பந்தயம்."

ஊர் பூபதியைப் பார்த்தது. பூபதி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "போயிட்டு வா தங்கச்சி" என்றான். "எப்படியோ போ. இன்னொரு தடவ என்னைய மட்டும் அதுல ஏறச் சொல்லாத."

*

நாற்பது மரத்தை நாலு நாளில் பறித்தார்கள். பாப்பாத்தி தினமும் ஒரு அண்டா களியும் பச்சை மொச்சைக் குழம்பும் செய்தாள். காலையில் மரத்து மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரோடு தெரியும். "குனிஞ்சிருக்குது! குனிஞ்சிருக்குது!" என்று ஒரு மரத்திலிருந்து சத்தம் கிளம்பும். அடுத்த தோட்டம் அதை வாங்கி அதற்கடுத்த தோட்டத்துக்குக் கொடுக்கும். மாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கோழியை விரட்டுவார்கள். ராமாயி ரோட்டோரப் புல்லில் இறங்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பாள். கேட்கிற வாய் அது, பொத்தாவிட்டால் கேட்டுவிடும்.

பூபதி இரண்டு நாள் மாடு மாதிரி காலை அகட்டி நடந்தான். மூன்றாம் நாளிலிருந்து பிக்கப்பை அவள் பின்னாலேயே ஓட்டிவர ஆரம்பித்தான். பெரிய பந்தயங்களில் அப்படி ஒரு வண்டி பின்னால் வருமாம், அவள் சொன்னாள். பயிற்சி முடிந்து அவள் நிமிர்ந்ததும் ஊரே ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும். வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

ஐந்தாம் நாள் அவள் அணிக்காரர்களோடு போய்ச் சேர பஸ் ஏறினாள்.

*

காதுகுத்தன்று பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் வந்திருந்தது. சின்னமுத்து காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணித் தொட்டியின் உச்சியில் மட்டும்தான். பதினொரு மணிக்கு அவன் இரும்புப் படியில் ஏறித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டான். போனில் பெயர்களும் நேரங்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கீழே ஊரில் பாதி நின்றிருந்தது. மீதிப் பாதி பந்தலில் இருந்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருந்தது.

"கெளம்பிட்டாளா?"

"கெளம்பிட்டா."

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் சொல்ல ஒன்றுமில்லை. ராமாயி நாலு தடவை கேட்டாள். "தெரியலீங்க அத்தை" என்று நாலு தடவை சொன்னான்.

நாகலட்சுமியின் பெயர் ஒரு தாவலில் மேலே போய் முதலிடத்தில் நின்றது. அவன் சொன்னதும் மேளக்காரர்கள் அடித்தே விட்டார்கள். "இருங்க, இருங்க! இன்னும் மூணு பேர் வரணும்!" என்று கத்தினான். மேளம் சங்கடமாக நின்றது.

மூவரில் முதல் ஆள் வந்தாள். ஒன்பது நொடி முந்திவிட்டாள். கடைசியாக வரப்போகிறவள் போன வருஷச் சாம்பியன், அவளை யாரும் அசைக்கப் போவதில்லை. ஆக நடுவில் வருகிறவள்தான் கணக்கு. அவளும் முந்திவிட்டால் நாகு மறுபடி நாலாவது.

போனில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சிக்னல் போய்விட்டது. சின்னமுத்து எழுந்து நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். காற்று வேட்டியை இழுத்தது.

"கீழ உழுந்து தொலையாதடா!" என்றாள் பாப்பாத்தி. "என்ன ஆச்சு?"

அந்த நேரம் பார்த்துப் பந்தலில் ஆசாரி ஊசியைச் செருகினார். குழந்தை வீறிட்டது. பூபதி மகளையும் பார்த்தான், தொட்டியையும் பார்த்தான். "அழுவாத கண்ணு, அழுவாத. மச்சான்! என்ன மச்சான்!"

வட்டம் நின்றது. நடுவில் வந்தவள் நாகலட்சுமிக்குக் கீழே இருந்தாள். இரண்டு நொடி. சின்னமுத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பெயர் மாறவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் சாம்பியன் வந்து எல்லோருக்கும் மேலே ஏறிக்கொண்டாள். அதைப் பற்றி யாருக்கென்ன?

"மூணாவது! நாகு மூணாவதுங்க! அவ்வளவுதான், வேற யாரும் வரதுக்கில்ல!"

கீழே முகங்கள் எல்லாம் மேலே பார்த்து நின்றன. ராமாயி பாப்பாத்தியின் தோளைத் தட்டினாள். "ஏனுங்கக்கா, உங்க பையனுக்கு இத்தனை தொண்டை இருந்துச்சா?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள் பாப்பாத்தி.

போன் அடித்தது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அவன் காத்திருந்தான்.

"மாமா. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க. ரெண்டு வருசமுங்க." என்றாள். "சித்திரையில கெளம்பறாப்பல இருக்கும். வர ஐப்பசி ஆயிருமாட்டம் இருக்குது. உங்களுக்குச் சரிங்களா?"

சின்னமுத்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரும்பு ஜில்லென்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பறித்து முடித்த அவன் தோட்டமும், வாசலில் காய்கிற மிளகும், அதற்கப்பால் மலை மலையாகப் பெரக்கரை நாடும் தெரிந்தன. ஐப்பசிவரை என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

"சரி நாகு. நல்லா ஓட்டு" என்றான். "சாப்பிட்டயா?"

"இனிமேதானுங்க."

"இன்னைக்குத் தராசுல நிறுத்துப் போடாத. வவுறு நெறையத் தின்னு."

அவள் சிரித்தது நன்றாகக் கேட்டது.

"டேய், என்னடா சொல்றா? எங்களுக்கும் சொல்லுடா!" என்று கீழேயிருந்து பாப்பாத்தி கத்தினாள்.

அவன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டான். தொண்டையைச் செருமவில்லை.

"ரெண்டு வருசம்!"

அவள் பிறந்த ஊர்வரைக்கும் அது கேட்டிருக்கும்.